குட்டைக்குள் பச்சை உடம்பு

"யாரும் தண்ணியில கால் வைக்கக் கூடாது!"

ரத்னம்மா இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு குட்டைக் கரையில் நின்ற நிற்பு இன்றைக்கும் என் கண்ணில் இருக்கிறது. கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவரும் மாட்டை மறிப்பவர்கள் அப்படித்தான் நிற்பார்கள். புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகியிருந்தார். முழங்கை வரை சேறு.

எதிரே மூன்று ஆண்கள். ஒருவர் நிலத் தரகர். எந்நாளும் சபாரி உடுப்புதான் என்பதால் சுற்றுவட்டாரத்தில் அவருக்கு சபாரிக்காரர் என்றே பெயர். இன்னொருவர் அளவு நாடா பிடிக்க வந்த இளைஞர். ஒரு காலில் ஷூ இருந்தது. கழற்றிய காலைத் தண்ணீருக்கு மேலே தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டார். மூன்றாவது ஆள் ரத்னம்மாவின் கணவர் முனியப்பா. நிலத்தைக் கொடுத்துவிடுகிறோம் என்று சொல்லி அனுப்பி அவர்களை வரவழைத்தவரே அவர்தான்.

நான் மீன் வாங்கப் போனவன். மொபெட்டுக்கு ஸ்டாண்டு கூடப் போடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏம்மா, உள்ள என்ன மொதலையா வளக்கற?" என்றார் சபாரிக்காரர்.

"உள்ள பச்சை ஒடம்பா இருக்காங்க."

பிள்ளை பெற்று இன்னும் உடம்பு தேறாத பெண்ணைத்தான் நாம் அப்படிச் சொல்வோம். சபாரிக்காரர் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்த வீட்டில் பிரசவித்தவர் யாருமில்லை. ரத்னம்மா விரலை நீட்டியது தண்ணீரைப் பார்த்து.

இந்தத் தொடரில் போன வாரக் கதையை, பழைய சைக்கிளைத் தள்ளிவிட்டு மொபெட் வாங்கியதோடு நிறுத்தியிருந்தேன். அந்த மொபெட்தான் என்னை இந்தக் கரையில் கொண்டுபோய் நிறுத்தியது. எப்படி என்று சொல்லிவிட்டு ரத்னம்மாவிடம் திரும்பி வருகிறேன். அதுவரை அவர் கையை விரித்தபடியே நிற்கட்டும். அவருக்கு அலுக்காது.

பாய், அண்ணாச்சி, ண்ணா

ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் என் மீன்கடை. கடை என்றால் ஒரு பலகை, ஒரு ஐஸ் பெட்டி, மேலே தார்ப்பாய். கம்பெனிகளில் ஷிஃப்ட் ஷிஃப்டாக ஆள் எடுத்துக்கொண்டிருந்த காலம். எந்த வரிசை வீட்டைத் தட்டினாலும் ஒவ்வொரு கதவுக்குள்ளிருந்தும் ஒவ்வொரு ஜில்லாத் தமிழ் வரும். உள்ளூர்க்காரர்களுக்கு நான் பாய். சேலம், தர்மபுரிப் பெண்களுக்கு ண்ணா. தெற்கத்திக்காரர்களுக்கு, தொப்பி போட்டிருந்தாலும், அண்ணாச்சி.

நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் உட்காராதவன். மீன் மடிக்க எடைக்கு வாங்கிய பழைய பத்திரிகையில்தான் எழுத்துக் கூட்டினேன். அதனாலோ என்னவோ, அச்சில் வந்ததைவிட ஆள் வாயில் வந்ததுதான் எனக்கு மறப்பதில்லை.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஜெசிந்தா என்று ஒரு பெண். கணவருக்குக் கம்பெனியில் லேத் வேலை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவார், பலகையை ஒரு சுற்றுப் பார்ப்பார், மூக்கைச் சுளிப்பார்.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்கும் கொளத்து மீனுதானா? ஒரு எறால் உண்டா? எறால் இல்லாம கடையத் தொறந்து வச்சிருக்கீய. இது மீன்கடையா, இல்ல சும்மா ஒக்காந்திருக்கீயளா?"

"கடலு இங்கேருந்து எவ்வளவு தூரம் தெரியுமாம்மா?"

"அது எனக்குத் தெரியாமலா இருக்கு?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கடைசி வார்த்தையில் குரல் கொஞ்சம் இறங்கியது. கால் கிலோ கட்லா வாங்கிக்கொண்டு போனார். சென்னையிலிருந்து ஐஸில் வரும் இறால் ஓசூர் வந்து சேர்வதற்குள் தலை கறுத்துவிடும். அதை அந்தப் பெண்ணிடம் நீட்ட எனக்கு மனசு வந்ததில்லை.

மூன்று பாஷைக்காரர்

மொபெட் வந்த பிறகு குளத்து மீன் தேடி ராயக்கோட்டைச் சாலையில் ஊர் ஊராகப் போக ஆரம்பித்தேன். அப்படித்தான் முனியப்பா பழக்கமானார்.

முனியப்பாவுக்கு மூன்று பாஷை. மூன்றுக்கும் தனித்தனி வேலை வைத்திருந்தார். கோபம் வந்தால் கன்னடம். கணக்கு வழக்கு என்றால் தமிழ். தெலுங்கு அவர் வீட்டுப் பாஷை. ஆனால் அதை மனிதர்களிடம் அவ்வளவாகச் செலவு செய்ய மாட்டார். பிறந்த கன்றுக்குட்டி, காய்ச்சலில் கிடக்கும் குழந்தை, இப்படி யாராவது தேறாமல் கிடந்தால் மட்டும் கிட்டே குனிந்து தெலுங்கில் பேசுவார்.

அவர் நிலத்தில் ஏரிக் கசிவு நிற்கும் ஒரு பள்ளம் இருந்தது. ராகி வைத்தால் அழுகும். தக்காளி வைத்தால் செடி நன்றாக வரும், காய்க்கும் நேரத்தில் வேர் அழுகிப்போகும். மேட்டு நிலத்துத் தக்காளியோ, பெங்களூர் லாரி வந்தால் விலை, வராவிட்டால் ராயக்கோட்டை மார்க்கெட்டில் மாட்டுக்குத் தீனி. ஒரு சித்திரையில் கூடை கூடையாகச் சாலையோரம் கொட்டிவிட்டு வெறும் கூடைகளோடு அவர் திரும்பியதை நானே பார்த்தேன். அந்த வாசனை எனக்குத் தெரியும். வெயிலில் வேகும் தக்காளியின் புளித்த வாசனை.

அந்தச் சமயம் பார்த்துத்தான் சபாரிக்காரர் வந்தார். பள்ளத்தோடு சேர்த்து மொத்தமாக ஒரு கம்பெனிக்கு வேண்டுமாம். நிலத்தைக் கொடுத்தால் அதே கம்பெனி கேட்டில் முனியப்பாவுக்குக் காவலாளி வேலை வாங்கித் தருவதாகவும் சொன்னார். முனியப்பா பாதி மனசு வைத்துவிட்டார்.

"நம்ம நெலத்துக்கு நாமளே வாட்ச்மேனா?" என்றார் ரத்னம்மா. "ஒரு வருஷம் குடுங்க. அந்தப் பள்ளத்த நான் பாத்துக்கறேன். தேறலன்னா நானே வந்து கைநாட்டு வெக்கிறேன்."

பள்ளத்தைத் தோண்டிக் குட்டையாக்கினார்கள். அணைப் பக்கமிருந்து கட்லா, ரோகுக் குஞ்சுகள் வாங்கி வந்து விட்டார் முனியப்பா. அவருக்கு மீன் பிடித்துப்போனதற்கு அவரே சொன்ன காரணம் இது: "தக்காளி செடியில நின்னு காத்துக்கினு இருக்காது பாய். இன்னிக்கி வெல இல்லன்னா நாளைக்கி அதுவே இல்ல. மீனு அப்படி இல்ல. வெல வர்ற வரிக்கும் குட்டையில தின்னுக்கினு கெடக்கும்."

வாசலில் நின்ற மருமகள்கள்

இறால் ரத்னம்மாவின் யோசனை. ஜெசிந்தாவின் பேச்சை ஒருநாள் நான் நடித்துக் காட்டியதுதான் காரணம். சிரித்து முடித்துவிட்டு, "அந்த எறா நம்ம தண்ணியில இருக்காதா?" என்று கேட்டார். உப்பில்லாத தண்ணீரில், மீனோடு மீனாக வளர்கிற ஆற்று இறாலும் உண்டு என்று எனக்கு ஐஸ் லாரிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். அதைச் சொன்னேன். தன் இரண்டு ஆடுகளை விற்றுவிட்டு, குஞ்சுக்குச் சொல்லச் சொன்னார்.

கடற்கரைப் பக்கமிருந்து காற்றடைத்த பிளாஸ்டிக் பைகளில், ஈரச்சாக்கு சுற்றி, பஸ்ஸில் வந்தன. வழியில் செத்தது போக மிச்சம். நூல் பிசிறு மாதிரி இருந்தன. உடனே கொட்டக் கூடாது, பையைச் சற்று நேரம் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பிறகுதான் திறக்க வேண்டும் என்று கொண்டுவந்தவர் சொன்னார். ரத்னம்மாவுக்கு அது சொல்லாமலே புரிந்தது.

"புது மருமகள வாசல்ல கொஞ்ச நேரம் நிக்க வெச்சித்தான உள்ள கூப்பிடறோம். அதானே?"

அதன்பிறகு அந்த வீட்டில் மீன் முனியப்பாவுக்கு, இறால் ரத்னம்மாவுக்கு என்று பாகம் பிரிந்துவிட்டது. தவிடும் கடலைப் பிண்ணாக்கும் பிசைந்து போடும்போது கேலிக்குப் பஞ்சமில்லை.

"மீனு மேல் பந்தியில ஒக்காந்து தின்னுது. அது சிந்தினதத்தான் உன் எறா பொறுக்குது," என்பார் முனியப்பா.

"உங்க மீனு எலைய அப்படியே போட்டுட்டுப் போவுது. வளிச்சி எடுத்து சுத்தமா வெக்கறது என் எறாதான். உங்க வூட்ல நான் செய்யற வேல."

உண்மையும் அதுதான். மேல் தண்ணீர் மீனுக்கு, அடித் தண்ணீர் இறாலுக்கு. ஒரே தீனி, ஒரே தண்ணீர், இரண்டு வெள்ளாமை. கார்த்திகைக்குள் கைக்கு அடக்கமாக வந்துவிட்ட மீனை வாரம் கொஞ்சம் வலை போட்டு எடுத்துக் கொடுத்தார்கள். வீட்டுச் செலவு அதில் ஓடியது. இறாலை மட்டும் யாரும் தொடவில்லை. அது பெருத்து ஒரே தடவையாக வர வேண்டிய வரவு. நிலம் நிற்பதா போவதா என்பது அதை நம்பி இருந்தது.

பிதுக்கிய தோல்

எங்கள் பக்கத்தில் அவரைக்காய்க் காலம் வந்தால் வீட்டுக்கு வீடு ஒரு வேலை நடக்கும். அவரைக் கொட்டையை ஊறவைத்து, கட்டைவிரலால் ஒவ்வொன்றாகப் பிதுக்குவார்கள். பருப்பு வழுக்கிக்கொண்டு பாத்திரத்தில் விழும். கையில் வெறும் தோல் நிற்கும், உள்ளே கொட்டை இருந்த அச்சோடு. அந்தப் பருப்புக் குழம்புக்கும் ராகிக் களிக்கும் நான் மீனைக்கூட விட்டுக்கொடுப்பேன். அந்தக் காலத்தில் எந்த வாசலைப் பார்த்தாலும் பிதுக்கிய தோல் குவியலாகக் கிடக்கும்.

ஒரு நல்ல மழை பெய்து குட்டையில் புதுத் தண்ணீர் இறங்கியது. அதற்கப்புறம் ஒரு காலை ரத்னம்மா தவிட்டுச் சட்டியோடு போனபோது, கரை ஓரமெல்லாம் தோல். இறால் தோல். கண் இருந்த இடம், மீசை, கால்கள் எல்லாம் அப்படியே இருக்க, உள்ளே ஒன்றுமில்லை. கண்ணாடி மாதிரி வெறும் கூடு.

கடற்கரைக்காரர்கள் பார்த்திருந்தால் பேசாமல் போயிருப்பார்கள். அவரைக்காய் பிதுக்குகிற ஊர்க்காரர் என்ன நினைப்பார்? யாரோ பிதுக்கித் தின்றுவிட்டுத் தோலைத் துப்பியிருக்கிறார்கள் என்றுதானே? குட்டைக்குள் இருந்தது மீன் மட்டும்தான்.

நான் அன்று போனபோது வீட்டில் அடுப்பு எரியவில்லை. ரத்னம்மா முறத்தில் அந்தத் தோல்களைப் பொறுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பாருங்கண்ணா. பிதுக்கித் தின்னுட்டுதுங்க. அவரு மீனுங்க."

நானும் பார்த்தேன். ஐஸில் செத்த இறாலைத் தவிர வேறு பார்த்தறியாத எனக்கு என்ன தெரியும்? அவர் சொன்னது எனக்கும் சரியாகத்தான் பட்டது.

"நான் என்ன மீனு கிட்ட சொல்லியா வெச்சேன்?" என்றார் முனியப்பா மெதுவாக.

"உங்க மீனுக்கு இனிமே நீங்களே போடுங்க." முறத்தைப் பார்த்தபடியே ரத்னம்மா சொன்னார்: "அந்தாள வரச் சொல்லுங்க. சொன்ன மாதிரி கைநாட்டு வெக்கிறேன்."

முனியப்பா என்னை மொபெட் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். மீன் நன்றாகத்தானே இருக்கிறது, அதை வைத்தே சமாளிக்கலாமே என்று கேட்டேன்.

"மீனு நல்லாத்தான் இருக்குது பாய்," என்றார். "அவ மொகம் நல்லா இல்ல. தெனமும் அந்தத் தண்ணியப் பாத்துக்கினு அவ எப்படி இருப்பா? போவட்டும்."

அன்றே தரகருக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஓட்டுக்கு அடியில்

இப்போது ரத்னம்மா கையை விரித்து நிற்கும் காலைக்கு வந்துவிட்டோம்.

ஆட்கள் வருமுன் கரையை ஒதுக்கி வைப்போம் என்று அவர் இறங்கியிருக்கிறார். கால் கழுவ நிற்பதற்காகத் தண்ணீர் ஓரம் போட்டிருந்த பழைய கூரை ஓடு ஒன்றை எடுத்தார். அதற்கடியில் ஒரு இறால், அசையாமல். செத்தது என்று எடுத்திருக்கிறார். கையில் அது வழிந்தது. நனைந்த துணி மாதிரி, எங்கும் கெட்டியில்லை. ஆனால் மீசை ஆடியது. பக்கத்திலேயே அதன் தோல். அதே அளவு, அதே மீசை, வெறும் கூடு.

மாடு வளர்ப்பவருக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை. பிறந்த கன்றின் குளம்பு எப்படி இருக்கும் என்று அவர் விரலுக்குத் தெரியும். தானே பிள்ளை பெற்று எழுந்தவர். தின்றுவிட்டுத் துப்பியது இல்லை. இறால் தானே தோலைக் கழற்றிப் போட்டுவிட்டு, பெரிதாவதற்காக, பலமில்லாத உடம்போடு ஒளிந்து கிடக்கிறது. எடுத்த இடத்திலேயே வைத்து ஓட்டால் மூடினார். நிமிர்ந்தபோது எதிரே சபாரிக்காரர்.

கணவரிடம் சொல்லக்கூட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. அதனால்தான் "பச்சை ஒடம்பா இருக்காங்க" என்றதும் சபாரிக்காரரைவிட அதிகமாக விழித்தவர் முனியப்பா.

"ஏம்மே, யாரு? என்ன சொல்ற நீ?"

ரத்னம்மா அவர் கையைப் பிடித்து இழுத்துக் கரையில் உட்காரவைத்து, ஓட்டை ஒரு பக்கம் லேசாகத் தூக்கி, அந்தக் கையைத் தண்ணீருக்குள் வைத்தார். நாங்கள் எல்லோரும் முனியப்பாவின் முகத்தையே பார்த்தோம். வேறு எதுவும் பார்க்கத் தெரியவில்லை. முதலில் புருவம் சுருங்கியது. பிறகு வாய் கொஞ்சமாகத் திறந்தது. சூடான பாத்திரத்தைத் தொட்டவர் போலக் கையை வெடுக்கென்று இழுக்கப் போனவர், இழுக்காமல், மெல்ல, மிக மெல்ல வெளியே எடுத்தார்.

"உயிரோட கீது," என்றார்.

"எல்லாமே உயிரோடதான் இருக்கும். தோல உரிச்சிட்டுப் படுத்துக்கினு இருக்குதுங்க. நாமதான் எழவு கொண்டாடினோம்."

முனியப்பா எழுந்தார். கரையோர வேம்பில் ஒரு கொத்தை ஒடித்தார். பிரசவமான வீட்டு நிலையில் செருகுவார்களே, அதுபோலக் குட்டைக்கு இறங்கும் வழியில் நட்டிருந்த மோட்டார்க் கம்பத்தில் செருகினார். செருகிவிட்டு ரத்னம்மாவுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"என்ன முனியப்பா, மீன் குட்டைக்கு வேப்பிலையா?" சபாரிக்காரருக்குச் சிரிப்பு ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். "நீதானப்பா வரச் சொன்ன!"

"வரச் சொன்னன் சார். வந்தீங்க. மோரு குடிச்சிட்டுப் போங்க. புள்ள பெத்தவ படுத்திருக்கிற வூட்டுக்குள்ள அளவு நாடா புடிச்சிக்கினு யாராச்சும் பூருவாங்களா?"

தமிழில்தான் சொன்னார். கணக்கு முடிந்தது என்று எனக்குப் புரிந்தது.

நாடாக்கார இளைஞர் தூக்கிய காலை அதுவரை இறக்கவில்லை. ஒற்றைக் காலில் தத்தித் தத்திப் பின்னால் வந்து ஷூவை மாட்டிக்கொண்டு நாடாவைச் சுற்ற ஆரம்பித்தார். சபாரிக்காரர் மோரை வாங்கிக் குடித்தார். கொடுத்தால் வாங்கிக் குடிக்கிற மனிதர்தான் அவர்.

"சரிம்மா. உங்க எறா எல்லாம் குளிச்சி முழுகினதும் சொல்லி அனுப்புங்க."

"அனுப்பறோம், அனுப்பறோம்," என்றார் ரத்னம்மா.

அனுப்பவேயில்லை.

ஜெசிந்தாவின் முறம்

மாசியில் குட்டையை இறைத்தார்கள். இறால் அள்ளி வந்தது என்று கதை விட மாட்டேன். எங்கள் பக்கத்துக் குளிரில் அது மெதுவாகத்தான் வளர்ந்தது. மீன்கொத்திக்கும் பங்கு போயிருந்தது. ஆனாலும் விற்ற ஆடுகள் திரும்பி வந்தன, கூட ஒரு பசுவும் வந்தது, நிலம் நின்றது. மறு வருஷம் குஞ்சு கிடைக்காமல் மீன் மட்டும் விட்டார்கள். இன்னொரு வருஷம் மோட்டாருக்குக் கரண்ட் இல்லாமல் தவித்தார்கள். மீன் வாராவாரம் சோறு போட்டது. இறால் வந்த வருஷம் பண்டிகை, வராத வருஷம் பொறுமை. அக்கம்பக்கத்தில் இரண்டொருவர் அதைப் பார்த்துப் பள்ளம் தோண்டினார்கள். பலர் சபாரிக்காரருக்கே கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

முதல் இறாலை ஈரச்சாக்கில் கட்டி, சாக்கு என் முதுகுக்குப் பின்னால் அசைந்துகொண்டே இருக்க, மூக்கண்டப்பள்ளிக்கு வந்தேன். ஜெசிந்தா முறத்தோடு வந்தார். ஒன்றைக் கையில் எடுத்தார். அது துள்ளியது. சுளிக்கத் தயாராக வந்த மூக்கு அப்படியே நின்றுவிட்டது.

"அண்ணாச்சி... உசுரோட இருக்கே."

விலை கேட்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வெங்காயம் நறுக்கிட்டு வந்தேன்," என்றார். கையில் வெங்காய வாசனை இல்லை.

ரத்னம்மா இன்றுவரை இறாலைத் தின்றதில்லை. "பச்சை ஒடம்பா கையில வெச்சிப் பாத்தத எப்படிண்ணா கொதிக்க வெக்கிறது? விக்கிறது வேற," என்பார்.

அந்த வேப்பிலை செருகிய நாளில் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். தரகரின் ஜீப் கிளம்பிப் போன பிறகு ரத்னம்மா அடுப்பு மூட்டப் போனார். நான் மொபெட்டை உதைத்துக் கிளப்பப் போகும்போது குட்டைப் பக்கம் பேச்சுக்குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். வீட்டுக்குப் பின்னால் அடுக்கியிருந்த பழைய ஓடுகளைக் கக்கத்துக்கு இரண்டு மூன்றாக இடுக்கிக்கொண்டு முனியப்பா தண்ணீரில் நடந்துகொண்டிருந்தார். அடி கலங்காமல், காலைத் தேய்த்துத் தேய்த்து வைத்து. குனிந்து ஒவ்வொரு ஓடாக அடியில் கவிழ்த்தார், கிட்டக் கிட்ட, சின்னச் சின்ன வீடுகளாக. முகம் தண்ணீரைத் தொடுகிற மாதிரி குனிந்திருந்தது. அவருடைய மீன்கள் அவர் காலைச் சுற்றி வந்தன. அவற்றைக் கையால் ஒதுக்கிவிட்டு, அடியைப் பார்த்துப் பேசினார்.

"பண்டுகோ தல்லி, பண்டுகோ. எவரூ ராரு."

படுத்துக்கோ தாயி, யாரும் வர மாட்டாங்க என்று, தெலுங்கில்.